எட்டாவது மூலையின் குரல்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு எடை மேடையில் ஏற வேண்டிய இலியாஸ், அந்த இரண்டே கால் மணிக்குப் புருலின் அலுவலகத்தில் உட்கார்ந்து நான்காவது இறைச்சிச் சம்சாவைத் தின்றுகொண்டிருந்தான்.

கொழுப்பு மணிக்கட்டு வரை வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரமாகத் தண்ணீரைக்கூட மடக்கு மடக்காக அளந்து குடித்தவன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"மெதுவா தின்னு. யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றாள் புருல்.

"இனிமே என் எடை யாருக்கு வேணும் எஜே?"

எல்லோரும் 'எஜே', அதாவது அக்கா, என்று கூப்பிடும் புருலுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் காவல்துறையில் இருந்தாள். இப்போது பிஷ்கெக்கில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கதவில் பெயர்ப் பலகை கிடையாது. அவளுடைய உதவியாளன் எர்னிஸ், முன்னாள் டாக்ஸி ஓட்டி, ஜன்னலோரம் நின்றிருந்தான். இலியாஸ் உள்ளே வந்ததிலிருந்து அவன் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தான்.

"ஏன்டா அலையுற?" என்றாள் புருல்.

"வலது பக்கமா நிக்கிறேன் எஜே. கோவத்துல அடிச்சாலும் குறி தப்பும்."

இலியாஸ் சிரிக்கவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்து அழுத்தினான். கறுப்புத் திரை. முகம் இல்லை. கனமான ஆண் குரல், இயந்திரத்தில் போட்டுத் தடிமனாக்கிய குரல்.

'எட்டாவது மூலை' அது. எட்டு மூலைக் கூண்டில் நடக்கும் சண்டையைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் இணைய அலைவரிசை. நாற்பத்திரண்டு பகுதிகள் வந்திருந்தன. பேசுவது யாரென்று யாருக்கும் தெரியாது.

"நாளைக்குப் பட்டத்துக்கு மோதப்போற நம்ம கன்னுக்குட்டிக்கு வலது கண்ணு கிடையாது. தொப்பிக்காரருக்கு அதப்பத்திக் கவலையும் கிடையாது, டிக்கெட் வித்தாச்சு. நம்பலையா? வலது பக்கத்துல இருந்து ஒரு கிண்ணம் டீ நீட்டிப் பாருங்க. பய காத்தத்தான் பிடிப்பான்."

இலியாஸ் அணைத்தான்.

"இன்னைக்குக் காலையில மருத்துவக் குழு கூப்பிட்டுச்சு. அந்த டாக்டர் நிஜமாவே ஒரு கிண்ணத்த நீட்டினாரு. நான் காத்தத்தான் பிடிச்சேன். பட்டச் சண்டை போச்சு. உரிமமும் போச்சு."

"கண்ணு விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணே பேரு. நான். அல்மாட்டியில பார்த்த டாக்டர். தோல்யா."

தோல்யா அவனுடைய பயிற்சியாளர். அவனுக்கு முன்னால் அவன் அண்ணன் கெரிமுக்கும் அவர்தான். கெரிம் இரண்டு வருடத்துக்கு முன் நாளைய சண்டையை நடத்தும் இதே நிறுவனத்தின் கூண்டில் மூன்றாவது சுற்றில் விழுந்தான். எழவில்லை.

"வீட்டுல?"

"யாருக்கும் தெரியாது. அண்ணன் போனதுல இருந்து நான் இருமினாலே அப்பா கதவத் திறந்து பார்க்கிறாரு. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுவேனா?"

"தோல்யாகிட்டக் கேட்டியா?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான். முட்டி சிவந்திருந்தது.

"கேக்கல. அடிச்சேன். எல்லாப் பசங்க முன்னாடியும். அந்த மனுசன் கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல."

கீழே மருந்துக் கடையின் கதவு மணி அடித்து ஓய்ந்தது.

"ஆறு மணிக்கு அரங்கத்துல நேரலை" என்றான் இலியாஸ். "நிறுவனத்து முதலாளியே ஏற்பாடு பண்ணியிருக்காரு. நாடே பார்க்கும். எட்டாவது மூலை தோல்யாதான்னு அங்க சொல்லப்போறேன். அப்புறம் அவரு எந்தப் பயிற்சிக்கூடத்துலயும் கால் வைக்க முடியாது."

"அப்படின்னா என்கிட்ட எதுக்கு வந்த?"

அவன் சிவந்த முட்டியைத் தடவினான். "அவரு தடுக்கலயே எஜே. அதான்."

எழுந்தான். மேசை விளிம்பு வலப்பக்கம் இருந்தது. தொடையில் இடித்துக்கொண்டான்.

"பேரு கிடைச்சா கூப்பிடுங்க. 'தோல்யா இல்ல, வேற யாரோ'ன்னு மட்டும் சொல்லக் கூப்பிடாதீங்க. எனக்குப் பேரு வேணும்."

"பேரு தெரிஞ்சா என்ன செய்வ?"

"எவரா இருந்தாலும் சரி, எனக்கு அவங்க செத்தவங்க. என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அவன் போன பிறகு எர்னிஸ் மீதிச் சம்சாவை எடுத்துக் கடித்தான்.

"எனக்குத்தான் எஜே சங்கடம். நான் இந்த ஆளோட ரசிகன். நாப்பத்திரண்டும் கேட்டிருக்கேன். என் பொண்டாட்டிக்கு அப்புறம் இவ்வளவு அழகாத் திட்டுற ஆளு இவருதான்."

"அப்போ கேட்டதையே மறுபடி கேளு. போடு."

நாலரை மணி வரை கேட்டார்கள். குரல் யாரையும் விடவில்லை. நடுவர்கள், தரகர்கள், எடையைக் குறைத்து எழுதிய அதிகாரி, எல்லோரும் பெயரோடும் அப்பன் பெயரோடும் வந்து அடி வாங்கினார்கள். முப்பதாவது பகுதியில் ஒரு தளபதியின் மகனைப் பெயர் சொல்லித் திருடன் என்றது.

"டீ" என்றாள் புருல் திடீரென்று.

"போட்டுத் தரவா?"

"அவரு ஏன் டீன்னு சொன்னாரு? தோல்யாவா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

எர்னிஸ் மெல்லுவதை நிறுத்தினான். "இடது கையால ஒரு கொக்கிக் குத்து விட்டுப் பாருங்கன்னுவாரு. தோல்யா டீயே குடிக்க மாட்டாரு எஜே. நாலு முழம் துணியில வயித்தக் கட்டிக்கிட்டு வெந்நீர் குடிக்கிற ஆளு."

"குத்துறவனுக்குக் குத்துதான் ஞாபகம் வரும். இவரு கிண்ணத்த நீட்டி, அந்தக் கை காத்தப் பிடிச்சதப் பார்த்திருக்காரு. அதுவும் ஒரு தடவை இல்ல."

"சரி, வீட்டுல டீ குடிக்கிற ஆளு. நாட்டுல பாதிப்பேரத் தள்ளியாச்சு. மிச்சம் முப்பது லட்சம்."

அடுத்த பகுதியைப் போட்டான். அதில் குரல் ஒரு போட்டியின் முழுப் பட்டியலையும் படித்தது. பதினோரு சண்டை. இருபத்தொரு பெயர்கள், தகப்பன் பெயரோடு, மூச்சு விடாமல். கடைசியாக, "அப்புறம் நம்ம கன்னுக்குட்டி" என்றது. "இத்தனையும் தொப்பிக்காரரோட தயவு."

எர்னிஸ் எரிச்சலோடு கையை உதறினான். "இது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது. தளபதி மகனப் பேர் சொல்லித் திட்டுற மனுசன், நிறுவன முதலாளிய மட்டும் தொப்பிக்காரர், தொப்பிக்காரர்னு. பேரச் சொன்னா வாய் வெந்திருமா?"

புருலின் கை கைப்பேசியின் மேல் அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். கல்யாணமான முதல் மாதம். காவல்துறைப் படிவத்தில் கணவனின் தகப்பன் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வரவில்லை. எழுதிக் காட்டினாள். மேசைக்குப் பின்னாலிருந்த மேலதிகாரி இதே வார்த்தைகளைச் சொல்லிச் சிரித்தார்.

"எர்னிஸ், என் மாமனார் பேரு உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தான் விவாகரத்தாகி இருபது வருசமாச்சே."

"இருபத்தொண்ணு. பேரு தெரியுமா?"

"மீசைக்காரர்னு சொல்லுவீங்க."

"அதுதான் அவரு பேருன்னு நினைச்சியா?"

எர்னிஸ் அவளைப் பார்த்தான். பிறகு கைப்பேசியைப் பார்த்தான். அவன் தாயும், அவன் தாயின் தாயும் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னவர்கள் அல்ல.

"மருமக" என்றான் மெதுவாக. "எஜே, என் தலைவன் பொம்பளையா?"

"நிறுவன முதலாளி பேரென்ன?"

"ஒஸ்மோன்."

"இலியாஸோட முழுப்பேரு?"

"இலியாஸ் ஒஸ்மோன் உலு." எர்னிஸ் உட்கார்ந்துவிட்டான். "ஒஸ்மோனோட மகன். முதலாளி வேற ஆளு, ஆனா இவன் அப்பா பேரும் அதேதான். அதனாலதான் முதலாளி தொப்பிக்காரர் ஆனாரு. அதனாலதான் இவன் கன்னுக்குட்டி ஆனான். நாப்பத்திரண்டு பகுதியில ஒரு தடவகூட அந்தப் பேரு வரல. ஆம்பளக் குரல வாங்கி மாட்டிக்கிட்டாங்க, யாரையும் விடாமத் திட்டினாங்க, அந்த ஒண்ணு மட்டும் நாக்குல ஏறல."

"யாரும் பார்க்காத இடத்துலகூட ஏறல" என்றாள் புருல். அது அவளுக்குப் புரிந்தது.

"அப்போ பொண்டாட்டிதான். டீ ஊத்துறதும் அவதான். கேஸ் முடிஞ்சுது. பாவம், தோல்யாவ அடிச்ச கையால அவளையும்..." அவன் முடிக்கவில்லை. கார் சாவியை எடுத்தான்.

இலியாஸின் அப்பா ஒஸ்மோனின் வீடு நகரத்து ஓரம் அர்ச்சா-பெஷிக்கில், கடைசித் தெருவுக்கு முந்தின தெருவில் இருந்தது. ஐந்தே கால் மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தவள் மேரிம், இலியாஸின் மனைவி. இருபத்து நான்கு வயது. நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அழுத கண்ணுக்கு மேல் மை தீட்டியிருந்தாள். வாசலிலேயே ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் இரண்டு ஜோடிச் சின்ன வீட்டுச் செருப்புகள் இருந்தன, ஒரே மாதிரி, சிவப்பு நிறத்தில்.

"உங்க மாமனாரப் பார்க்கலாமா?" என்றாள் புருல்.

"ஒஸ்மோன் அப்பாவா? தூங்குறாருங்க எஜே. காலையில இருந்து சாப்பிடவே இல்ல. ஒஸ்மோன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வேற."

எர்னிஸ் புருலைப் பார்த்தான். ஒரு மூச்சில் இரண்டு முறை. சரளமாக, உப்பு, சர்க்கரை என்று சொல்வதுபோல.

"நான் கட்டின கோட்டை போச்சு எஜே" என்று முணுமுணுத்தான். "இது புதுக்காலத்துப் பொண்ணு."

"இலியாஸுக்குக் கண்ணுல ஏதாவது தெரிஞ்சுதா மேரிம்?"

"ஒண்ணுமே தெரியாது எஜே. நாங்க ரெண்டு பேரும் காலையில எந்திரிச்சா ஆளுக்கொரு பக்கம் வேலை. டீ, சாப்பாடெல்லாம் ஜெங்கேதான்."

ஜெங்கே, அதாவது அண்ணி, முற்றத்துக் கதவு வழியாக உள்ளே வந்தாள். கையில் கொதிக்கும் கெண்டி. ஜாங்கில், கெரிமின் விதவை. முப்பத்தெட்டு இருக்கும். சாம்பல் நிறத் தலைத்துணி. முழங்கையால் கதவைச் சாத்தி, உட்கார்ந்து, கிண்ணங்களை எடுத்தாள். பாதி பாதியாக ஊற்றினாள். புருலுக்கு நீட்டும்போது கிண்ணத்தை ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தாள், எதிர்க்கை அதைச் சரியாகப் பற்றிவிட்டதா என்று பார்ப்பவள்போல.

புருல் அதைக் கவனித்தாள்.

"மேரிம் தங்கச்சி, இலியாஸோட பதக்கமெல்லாம் எங்க மாட்டியிருக்கு?" என்றான் எர்னிஸ். "நானும் ஒரு காலத்துல மல்யுத்தம் பண்ணினவன். ரெண்டு வெண்கலம். ஒண்ணு எதிராளி வராததால வந்தது."

மேரிம் அவனை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

புருல் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"ஜாங்கில், ஆறு மணிக்கு உன் கொழுந்தன் நேரலையில வர்றானாம். நிறுவன முதலாளியோட. அவரு பேரு என்னம்மா? வாயிலயே வரமாட்டேங்குது."

கெண்டி மேசைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நின்றது. ஜாங்கில் தலை நிமிர்த்தினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தெரியும் எஜே" என்றாள் ஜாங்கில். "சொல்ல வராது."

"எனக்கும் ஒரு பேரு வராது. விவாகரத்தாகி இருபத்தொரு வருசம். அந்த மனுசன் செத்தே ஒன்பது வருசம். இன்னும் மீசைக்காரர்தான்."

ஜாங்கில் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுலதான் மாட்டிக்கிட்டேனா?"

"அதுல. அப்புறம் டீயில."

அவள் சிரித்ததுபோல் இருந்தது. முகத்தில் பாதிதான் சிரித்தது.

"பதினோரு வருசம் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துல உக்காந்து சண்டை பார்த்தேன் எஜே. அவரோட ஒவ்வொரு சண்டையையும் நான்தான் படம் பிடிப்பேன். சாகுறதுக்கு மூணு வாரம் முன்னாடி, இதே இடத்துல, கிண்ணத்த நீட்டினேன். அவரு கை தள்ளிப்போய் நின்னுச்சு. மறுநாளும் அப்படித்தான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. மேசையச் சுத்தி ஆம்பளைங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காங்க. நான் வாயத் திறக்கல. கிண்ணத்த அவரு கைக்குக் கொஞ்சம் நகத்தி வச்சேன். அவ்வளவுதான் பண்ணினேன்."

"மூணாவது சுத்துல?"

"குத்து வலது பக்கமா வந்துச்சு. அவருக்குத் தெரியவே இல்ல. எனக்குப் படத்துல தெரிஞ்சுது." அவள் மேசைவிரிப்பிலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கூட்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். "நாப்பதாம் நாள் காரியம் முடிஞ்ச அடுத்த வாரம் முதல் பகுதி போட்டேன். முற்றத்துக் குளியல் கொட்டகையில உக்காந்து. ஆம்பளக் குரல்ல பேசினா எல்லாரும் கேக்கறாங்க எஜே. நாடே கேக்குது."

"இலியாஸ்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ரெண்டு மாசம் முன்னாடி. 'உங்க வலது கண்ணு சரியில்ல, எனக்குத் தெரியுது'ன்னு."

"என்ன சொன்னான்?"

"'ஜெங்கே, நீ டீய ஊத்து'ன்னாரு."

மூன்றே பேருக்குத் தெரியும் என்று இலியாஸ் சொன்னதைப் புருல் நினைத்துப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவன் எண்ணியபோது இவள் எண்ணிக்கையில் வரவில்லை.

"அவன் தோல்யாவ அடிச்சிட்டான்" என்றாள்.

ஜாங்கிலின் உள்ளங்கை மூடிக்கொண்டது. அதுவரை அவளுக்குத் தெரியாது.

"தோல்யாவையா?"

"எல்லார் முன்னாடியும். ஆறு மணிக்கு எட்டாவது மூலை தோல்யாதான்னு சொல்லப்போறான். பேரு கிடைச்சாத்தான் நிறுத்துவான்."

"கெரிமக் கூண்டுக்குள்ள இருந்து தூக்கிட்டு வந்தது அவருதான் எஜே. தூக்குப் படுக்கை வர்ற வரைக்கும் காத்திருக்கல. தோள்ல போட்டுக்கிட்டு ஓடினாரு."

அதுவரை 'அவரு' என்றே குறித்த கணவனின் பெயரை அவள் சொல்லிவிட்டதைப் புருல் கவனித்தாள். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

எர்னிஸ் திரும்பி வந்து கதவருகே நின்றான். மாமனார் எழுந்துவிட்டதால் மேரிம் அங்கேயே தங்கிவிட்டாள். அவன் ஜாங்கிலைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, மாற்றிக்கொண்டான்.

"முப்பதாவது நல்லா இருந்துச்சு ஜெங்கே" என்றான். "எல்லாமே நல்லா இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள்.

மணி ஐந்தே முக்கால். ஜாங்கில் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றாள் புருல். "தோல்யா இல்லன்னு சத்தியம் பண்ணிச் சொல்றேன். என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"கேக்க மாட்டான் எஜே" என்றான் எர்னிஸ். "பேரு இல்லாமக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனான்."

"பேரு கிடைச்சா என்ன பண்ணுவாராம்?" என்றாள் ஜாங்கில்.

புருல் கைப்பேசியைக் கையில் எடுத்தாள். பொய் சொல்லலாம். இந்த வீட்டில் ஒரு பொய் அதிகமானால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவங்க எனக்குச் செத்தவங்க, வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னான்."

"போறதுக்கு எனக்கு ஒரு அக்கா வீடு இருக்கு. நரின்ல." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "என் பொண்ணுங்க ரெண்டும் இந்த வீட்டு ரத்தம். நான் வெளிய போனா, வழக்கப்படி அதுங்க இங்கதான் இருக்கணும். பெரியவர் நல்லவருதான். ஆனா அதுங்க அப்பன் செத்த வீட்டுல, மிச்சமிருக்கிற பேரப்பிள்ளைங்களப் போகவிட மாட்டாரு. என் கொழுந்தன், சின்னவரு சொன்னா மட்டும்தான் விடுவாரு."

"அப்போ நீ பேச வேண்டாம்" என்றாள் புருல். "ஜாங்கில், கேளு. தோல்யா பெரிய மனுசன். தாங்கிக்குவாரு."

"அப்பவும் இப்படித்தான் எஜே நினைச்சேன். என் வீட்டுக்காரரு பெரிய வீரர், தாங்கிக்குவாருன்னு."

அவள் கை நீட்டினாள். புருல் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கொடுத்தாள். ஒரே மணியில் எடுத்தான். பின்னால் அரங்கத்து இரைச்சல். யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரு கிடைச்சுதா எஜே?"

"சின்னவரே, நான் பேசுறேன்."

"ஜெங்கேயா? எஜே ஃபோன்ல நீ எப்படி? அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பா எந்திரிச்சு உக்காந்திருக்காரு. எட்டாவது மூலை நான்தான். நாப்பத்திரண்டும் நான்தான் பேசினேன். தோல்யாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒலிவாங்கித் தட்டல் நின்றது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அவரு வீட்டுக்குப் போங்க. நேரலைக்குப் போகாதீங்க. அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. அவரு விடுவாரு, எனக்குத் தெரியும். டாக்டருங்க என்ன சொன்னாங்கன்னு மேரிம்கிட்டச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு தனியா அழுவுது."

மூச்சு.

எர்னிஸ் தரையைப் பார்த்தான். புருல் அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாக நாடு கேட்ட குரல் இது. இவ்வளவு மெல்லியதாக இருக்குமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"என் துணிமணி கொஞ்சம்தான். இன்னைக்கே எடுத்துக்கிறேன். பொண்ணுங்க ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்திருவாங்க, சின்னவரே. அவங்கள எங்கூட அனுப்புவீங்களா?"